டாண்டம் ரோட்டர்: ‘இரட்டைச் சுழலி’ என்றால் போதுமா?

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சுழலிகள் (ரோட்டர்) கொண்ட சினூக் ஹெலிகாப்டரின் அமைப்பை ஆங்கிலத்தில் ‘டாண்டம் ரோட்டர்’ என்பார்கள். அதைத் தமிழில் எழுதும்போது ‘இரட்டைச் சுழலி’ என்று போட்டுவிடுகிறோம். தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ‘டாண்டம்’ என்ற சொல்லின் உயிர் அதில் விடுபட்டுப்போகிறது. இரட்டை மாட்டு வண்டி என்றதும் கண்ணில் வருவது ஒரே நுகத்தடியில் பக்கம் பக்கமாகப் பூட்டிய மாடுகள்தான். டாண்டம் அப்படியில்லை, ஒன்றின் பின் ஒன்று.

இத்தனைக்கும் லத்தீனில் இந்தச் சொல்லுக்கும் இடத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அங்கே அதற்கு ‘கடைசியில்’, ‘நெடுநேரம் கழித்து’ என்று பொருள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், குதிரைகளை ஒன்றின் முன் ஒன்றாகப் பூட்டிய வண்டிக்கு, லத்தீன் தெரிந்தவர்கள் விளையாட்டாக வைத்த பெயர் இது: காலத்தின் நீளத்தை இடத்தின் நீளமாக்கிய சிலேடை. 1785இல் வெளிவந்த ஆங்கிலக் கொச்சைச்சொல் அகராதியிலேயே இருக்கிறது. நமக்கு இந்தச் சிலேடை எளிதில் பிடிபடும், ஏனென்றால் நம்மிடம் ‘நெடுக’ இருக்கிறது. ‘தெரு நெடுக’ என்றால் இடம், யாழ்ப்பாணத்தில் ‘அவன் நெடுக இப்படித்தான்’ என்றால் காலம். குதிரை வண்டியிலிருந்து இருவர் மிதிக்கும் சைக்கிளுக்குப் போன சொல், அப்புறம் வானூர்திக்கும் வந்தது. ஆங்கிலத்தில் இன்று ‘சேர்ந்து’ என்ற பொருளிலும் அதைப் புழங்குகிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஹெலிகாப்டர் வரலாற்றில் இந்த முன்பின் அமைப்பு மிகப் பழையது. 1907 நவம்பரில் பிரான்சின் நார்மண்டியில் பால் கோர்னு செய்த ஊர்தியிலேயே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சுழலிகள். அவர் சைக்கிள் தொழில் செய்தவர். 24 குதிரைத்திறன் எஞ்சின், பெல்ட் வழியாக இரண்டையும் சுற்றியது. அது தரையை விட்டு எழுந்ததாகச் சொல்லப்பட்டாலும், அந்தத் திறனுக்கு உண்மையில் பறந்திருக்க முடியாது என்று பிற்காலக் கணக்குகள் காட்டின. 1933இல் பெல்ஜியத்தில் நிக்கோலா புளோரின் செய்த ஊர்தி ஏறத்தாழ 10 நிமிடம் காற்றில் நின்றது.

இதைப் பயன்படுகிற ஊர்தியாக்கியவர் அமெரிக்காவின் பிலடெல்பியாக்காரர் பிராங்க் பியாசெக்கி. 1945 மார்ச்சில் அவருடைய முதல் டாண்டம் ஊர்தி பறந்தபோது அவருக்கு வயது 25. அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்தது. சுழலி ஒரு பக்கம் சுற்றினால் ஊர்தியின் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஒற்றைச் சுழலி ஊர்தியில் அதைத் தடுக்க வாலில் ஒரு சிறு சுழலி வேண்டும், எஞ்சின் திறனில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். முன்பின் சுழலிகளை எதிரெதிராகச் சுற்றவிட்டால் அந்தத் திருகல் தானே சரியாகிவிடுகிறது, முழுத் திறனும் தூக்குவதற்கே கிடைக்கிறது. இன்னொரு பெரிய வசதி, சுமையைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளி வைத்தாலும் இரண்டு சுழலிகளும் பகிர்ந்து தாங்கிக்கொள்ளும். இரு சுழலிகளின் இறக்கைகளும் ஒன்றோடொன்று மோதாதிருக்கப் பின்புறத்தை மேலே வளைத்தார்கள். அதனால்தான் அதற்குப் ‘பறக்கும் வாழைப்பழம்’ என்ற பட்டப்பெயர் வந்தது. பியாசெக்கி தொடங்கிய நிறுவனம் வெர்டால் என்று பெயர் மாறி, 1960இல் போயிங் கைக்குப் போனது. 1961இல் பறந்த சினூக் இந்த வழியில் வந்ததுதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘இரட்டைச் சுழலி’ என்ற பெயரில் ஒரே அச்சில் மேலும் கீழுமாகச் சுற்றும் ரஷ்யாவின் காமோவ் ஊர்திகளும் அடங்கிவிடும், 1936இல் பறந்த ஜெர்மானிய ஃபோக்கே ஊர்தி போல இடமும் வலமுமாகச் சுழலி வைத்தவையும் அடங்கிவிடும். ‘தொடர்’ என்றால் மின்சுற்று நினைவுக்கு வருகிறது. எனக்குச் சரியாகப் படுவது ‘முன்பின் சுழலி’. ‘முன்பின் தெரியாதவர்’ என்பதில் வேறு பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம், ஆனால் ‘சுழலி’ பக்கத்தில் வந்தால் அந்தக் குழப்பம் வராது. ஹெலிகாப்டருக்கு ஈழத்து நாளிதழ்களில் ‘உலங்கு வானூர்தி’ நன்றாகவே புழங்குகிறது, ஆகவே ‘முன்பின் சுழலி உலங்கு வானூர்தி’ என்று முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு ‘முன்பின் சுழலி’ என்றே சுருக்கிக்கொள்ளலாம். அதே முறையில் மற்ற இரண்டும் ‘மேல்கீழ்ச் சுழலி’, ‘பக்கச் சுழலி’ ஆகிவிடும்.