கத்துவதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடுகிறது

"எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வருதுன்னே தெரியல, திடீர்னு கத்திடறேன்" என்று ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பலர் சொல்வார்கள். அந்தத் 'திடீர்' என்பதைத்தான் முதலில் அவர்களோடு சேர்ந்து பிரித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் குரல் உயர்வதற்கு வெகு முன்னாலேயே தாடை இறுகியிருக்கும், தோள்கள் மேலேறியிருக்கும், மூச்சு நெஞ்சின் மேல்பாதியோடு நின்றிருக்கும். கவனமெல்லாம் பிள்ளை என்ன செய்கிறது என்பதிலேயே இருப்பதால், நம் உடம்பில் நடப்பது நமக்குத் தெரிவதில்லை.

வீட்டுப்பாட நேரம் வந்தாலே வீட்டில் சண்டைதான் என்று வந்த ஓர் அம்மாவிடம், "அடுத்த முறை உட்காரும்போது பையனைத் திருத்துவதற்கு முன் உங்கள் உடம்பைக் கொஞ்சம் கவனியுங்கள்" என்றேன். அடுத்த சந்திப்பில் அவர் சொன்னார்: "கணக்கு நோட்டைத் திறந்ததுமே கால்விரலை எல்லாம் மடக்கி வச்சுக்கறேன் மேடம். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். அவன் இன்னும் ஒரு தப்பும் பண்ணல!"

அந்தக் கடைசி வரியை நான் முக்கியமாக நினைக்கிறேன். அவர் கோபம் பையன் செய்த தப்பால் தொடங்கவில்லை. நேற்றைய சண்டையையும் அன்றைய களைப்பையும் உடம்பு முன்கூட்டியே சுமந்துகொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் பிறகு, விரல்கள் மடங்குவது தெரிந்தவுடன் பாதத்தைத் தரையில் முழுதாகப் பதித்து, மூச்சை மெதுவாக நீட்டி வெளியே விடப் பழகினார். கோபம் வராமல் போய்விடவில்லை. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன் சில நொடிகள் கிடைத்தன. நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

மூச்சை வெளியே விடுவதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், வெளிவிடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலையால் சற்றுக் குறையும். அதனால் 'ஆழமாக மூச்சை இழு' என்பதைவிட 'நிதானமாக மூச்சை விடு' என்பதே பதற்றத்தில் இருப்பவருக்கு நல்ல வழி.

இப்படி அந்தந்தக் கணத்தில் நடப்பதைக் கவனிப்பதற்குப் பெயர் மைண்ட்ஃபுல்னெஸ். அந்தப் பெயரைக் கேட்டதும் கண்ணை மூடி முக்கால் மணி நேரம் உட்கார வேண்டுமோ என்று பலர் மலைக்கிறார்கள். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய 8 வாரப் பயிற்சியில் பாதம் முதல் உச்சி வரை உடம்பைக் கவனிக்கும் நீண்ட பயிற்சி உண்டுதான். கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு அது நடக்காது, நடக்கவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். குழந்தையைத் தூக்கக் குனியும் முன் ஒரு மூச்சு, கை கழுவும்போது தண்ணீரின் குளிர்ச்சி, கதவைத் திறக்கும் முன் தோளைத் தளர்த்துவது என்று ஏற்கெனவே செய்யும் வேலையோடு சேர்த்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று, மிகச் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் நான் திரும்பத் திரும்பக் கேட்பது: கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள்? கழிப்பறைக்குப் போனீர்களா? சாப்பிட்டீர்களா? பிள்ளையின் பசியை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் அம்மாவுக்கு, தான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது சாயங்காலம்தான் உறைக்கிறது. உடம்பைக் கவனிப்பது இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிரித்த முகத்தை வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்றால் குழந்தைகளிடம் அது அவ்வளவாக எடுபடாது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைகளை வேறிடத்தில் வைத்துவிட்டு, அம்மாக்களை மட்டும் மன அழுத்தம் தரும் ஒரு பேச்சுப் பணியில் ஈடுபடுத்தினார்கள். அப்புறம் குழந்தையை மடியில் கொடுத்தபோது, நடந்தது எதையும் பார்க்காத அந்தக் குழந்தைகளின் உடலிலும் அம்மாவின் அழுத்தம் எதிரொலித்தது. ஆகவே மறைப்பதைவிடச் சொல்லிவிடுங்கள். "அம்மாவுக்குத் தோளெல்லாம் இறுகிப்போயிருக்கு, உன் மேல கோபம் இல்ல, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்பது நான்கு வயதுப் பிள்ளைக்கும் புரியும். தன் உடம்பைப் பற்றி அப்படிப் பேசலாம் என்பதையும் அது கற்றுக்கொள்ளும்.

கை ஓங்கிவிடுவோம் என்று தோன்றும் அளவுக்குப் போய்விட்டால் இந்தப் பயிற்சியெல்லாம் அப்போது வேண்டாம். குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டுச் சில நிமிடம் விலகிப் போங்கள். குழந்தை அழுதாலும் பரவாயில்லை.

எல்லோருக்கும் உடம்புக்குள் கவனத்தைத் திருப்புவது இதமாக இருக்காது. சிறுவயதில் வன்முறையைச் சந்தித்தவர்களுக்கும், பீதித் தாக்குதல் வருபவர்களுக்கும் அது பயத்தைக் கூட்டலாம். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, வெளியே கேட்கும் சத்தத்தையோ கையில் படும் துணியையோ கவனிக்கட்டும். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு மேலும் மனச்சோர்வு விலகாமல் இருந்தால், மூச்சுப் பயிற்சியால் சரிசெய்ய முயன்று நாளைக் கடத்த வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.