சுவிட்ச் போட்டால் தெளியும் கண்ணாடி: வேலூர் வெயிலில் வாங்கும் முன்

ஸ்மார்ட் கிளாஸ், அதாவது சுவிட்ச் போட்டால் தெளிந்து அணைத்தால் பால்நிறமாகும் ஃபிலிமைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்று கேட்டு வருபவர்களிடம் நாங்கள் முதலில் விசாரிப்பது, அந்தக் கண்ணாடி மேற்கே பார்க்கிறதா என்பதைத்தான். தோட்டப்பாளையம் பக்கம் கிளினிக் கட்டுபவரோ, சத்துவாச்சாரியில் அலுவலகம் போடுபவரோ, இதை யோசித்திருப்பவர் குறைவு. ஆனால் மொத்தக் காசும் இந்த ஒரு விஷயத்தில் வீணாகலாம்.

அந்த ஃபிலிமுக்குள் இருப்பவை திரவப் படிகத் துளிகள்; திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் படிகம்போல் வரிசையாக நிற்கும் பொருள் இது. ஒரு துளி ஏறக்குறைய 1 மைக்ரான். கெட்டியான பாலிமருக்குள் கோடிக்கணக்கில் சிதறிக் கிடக்கும். இந்தப் படலத்தின் தடிமன் 10 முதல் 20 மைக்ரான். இரு பக்கமும் பெட் பிளாஸ்டிக் தாள். அவற்றின் உள்முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் பூச்சு. மின்சாரம் இல்லாதபோது ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும். துளியின் அளவு ஒளியின் அலைநீளத்துக்கு நெருக்கமானது என்பதால் எல்லா நிறமும் சிதறிக் கண்ணாடி பால்போல் வெளுக்கும். 48 முதல் 65 வோல்ட் ஏசி (மாறுதிசை) மின்சாரம் கொடுத்தால் துளிக்குள் மூலக்கூறுகள் ஒரே திசைக்குத் திரும்பும். அந்தத் திசையில் திரவப் படிகத்தின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) சுமார் 1.52, பாலிமரும் அதே அளவுக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டும் ஒத்துப்போவதால் ஒளி நேராகக் கடக்கும். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் இந்தப் பொருத்தம் கலையும். 'ஆன் பண்ணியும் லேசா மங்கலா இருக்கே' என்ற புகாருக்குக் காரணம் இதுவே. அது பழுதல்ல.

இனி வெயில். திரவப் படிகத்துக்கு ஒரு வெப்ப எல்லை உண்டு. அதைத் தாண்டினால் அது படிக ஒழுங்கை இழந்து சாதாரண எண்ணெய்போல் ஆகிவிடும். 1888ல் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர் இந்தப் பொருள்களைக் கவனித்ததே இப்படித்தான்: அவர் சூடாக்கிய கொலஸ்டிரில் பென்சோயேட் 145.5 டிகிரியில் கலங்கலாக உருகி, 178.5ல் தெளிந்தது. ஃபிலிமுக்கான கலவைகளில் இந்த எல்லை மிகக் கீழே. ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் ஈ7 கலவைக்குச் சுமார் 60 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் நிழலிலேயே 40 தாண்டும்போது, மதிய வெயில் நேரே விழும் மேற்குக் கண்ணாடியின் சூடு அதைவிட வெகுவாக ஏறும். எல்லையை நெருங்கினால் மின்சாரம் இல்லாமலே வெண்மை குறைந்து, உள்ளே இருப்பவர் வெளியே தெரியத் தொடங்குவார். பரிசோதனை அறைக்கு இதைவிட ஆபத்து என்ன வேண்டும்? மே மாதம் மதியம் 3 மணிக்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் கண்ணாடியை அளந்து பாருங்கள். 50ஐத் தாண்டினால் அங்கே இதை ஒட்ட வேண்டாம். உள்பார்ட்டிஷன்தான் இதற்குச் சரியான இடம். கடையில் தரும் மாதிரித் துண்டை ஹேர் டிரையரால் சூடாக்கிப் பார்க்கச் சொல்வோம். எந்தச் சூட்டில் வெண்மை கலைகிறது என்பது கண்முன் தெரியும்.

இன்னொன்று, பால்நிறம் என்பது சுவர் அல்ல. கண்ணாடியை ஒட்டி நிற்பவரின் உருவரை தெரியும். ஆளுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் நிழல் அப்படியே விழும். படுக்கையை 3 அடி தள்ளிப் போட்டு, விளக்கைக் கண்ணாடிப் பக்கமாக மாற்றினால் போதும்.

வரும் பழுதுகளில் பெரும்பாலானவை துளிகளால் வருவதில்லை, விளிம்பில் ஆரம்பிக்கின்றன. மின் இணைப்புக்காக ஓரத்தில் ஒரு பெட் தாளை மட்டும் பிளேடால் கீறி, 1 சென்டிமீட்டர் பட்டையாக உரித்து, உள்ளே ஒட்டியிருக்கும் படலத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, செப்பு டேப் ஒட்ட வேண்டும். இன்னொரு முனையை எதிர்த் தாளில் இதேபோல் எடுக்க வேண்டும். அழுத்திச் சுரண்டினால் கடத்திப் பூச்சே போய்விடும்; பிறகு அந்த இடம் சூடாகிப் பழுப்பாகக் கருகும். மின்சாரம் தரும் முன் இரு டேப்புக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து ஷார்ட் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஓரத்தை அடைக்க நியூட்ரல் சிலிக்கான் மட்டுமே. வினிகர் வாடை வரும் மலிவு சிலிக்கான் அமிலம் கக்கும். பூச்சை அரித்து, பழுது ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே போகும். சன் கண்ட்ரோல் ஃபிலிம் ஒட்டுபவர் பழக்கத்தில் சோப்புத் தண்ணீர் அடிப்பார். தடுத்துவிடுங்கள், இது உலர்வாக ஒட்டப்பட வேண்டியது.

மின்சாரம் அதிகம் தின்னாது. சதுர மீட்டருக்கு சுமார் 5 வாட் வைத்தால், 2 சதுர மீட்டர் பலகை 10 மணி நேரத்தில் 0.1 யூனிட். டிசி (நேர்திசை) மின்சாரம் மட்டும் கொடுக்கவே கூடாது. உள்ளிருக்கும் அயனிகள் ஒரு பக்கம் ஒதுங்கிப் படலம் கெடும். 'இன்னும் தெளியட்டும்' என்று வோல்டேஜை ஏற்றுவதும் வேண்டாம். 20 மைக்ரான் இடைவெளியில் ஒரு தூசு இருந்தாலே அங்கே ஷார்ட் ஆகிப் புள்ளி விழும். 60 வோல்ட் என்றாலும் செப்பு டேப்பைத் திறந்து விடாதீர்கள். வீட்டு மின்லைனோடு நேரடி இணைப்பு இல்லாமல் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

கரண்ட் போனால் கண்ணாடி பால்நிறமாகும். மருத்துவர் அறைக்கு இது வசதி. நர்ஸ் வெளியிலிருந்தே நோயாளியைப் பார்க்க வேண்டிய அறைக்கு அது சிக்கல். அந்தப் பலகையை மட்டும் சைன் வேவ் இன்வெர்ட்டரில் இணையுங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் இரைந்து சூடாகும்.

இதேபோன்ற திரவப் படிகத் துளிகள் வேறு வேலைகளும் செய்கின்றன. நெற்றியில் ஒட்டும் காய்ச்சல் பட்டையில் நிறம் மாறுவது, உறைக்குள் அடைத்த கொலஸ்டரிக் வகைத் துளிகள், அதாவது சூட்டுக்கேற்ப நிறம் மாறும் திரவப் படிகம். 2010ல் ஸ்லோவேனியாவில் ஒரே ஒரு துளியை எல்லாத் திசையிலும் ஒளி வீசும் லேசராகவே ஆக்கிக் காட்டினார்கள். நம் கடைக்கு அது வர நாளாகும்.

துடைப்பதற்குப் போர்வெல் தண்ணீர் வேண்டாம். பாலாற்றங்கரை உப்புத் தண்ணீர் காய்ந்தால் விடும் வெள்ளைக் கறையைப் பார்த்து, 'ஃபிலிம் போச்சு' என்று போன் செய்வார்கள். கேன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவில் துடைத்து, ஓரத்து 2 சென்டிமீட்டரைக் காய்ந்த துணியால் முடியுங்கள்.