இரண்டு குதிகாலும் அறுந்த ஒரு லைன்பேக்கர்

“யாரோ பின்னாலிருந்து உதைச்ச மாதிரி இருந்துச்சு சார். திரும்பிப் பார்த்தா யாருமே இல்ல.”

நான் இயன்முறை மருத்துவர். நோயாளி இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் என் கண் அவருடைய குதிகாலுக்குப் போய்விடும். போன வருடம் இதைச் சொன்னவருக்கு 38 வயது. வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஷட்டில். வலைக்குப் பக்கத்தில் விழுந்த ஷட்டிலை எடுக்கப் பாய்ந்திருக்கிறார். ‘டப்’பென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் வலி அடங்கிவிட்டது, நொண்டி நொண்டி நடக்கவும் முடிந்தது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு, கிரேப் பேண்டேஜ் சுற்றி மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார். படி ஏற முடியவில்லை என்றுதான் என்னிடம் வந்தார்.

குப்புறப் படுக்கச் சொன்னேன், பாதம் இரண்டும் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி. நல்ல காலின் கெண்டைச்சதையைக் கையால் அழுத்தியதும் பாதம் தானாக முனை நீட்டியது. அடிபட்ட காலில் அதே இடத்தை அதே அளவு அழுத்தினேன். பாதம் அசையவே இல்லை. குதிகாலுக்கு நாலு விரற்கடை மேலே தடவினால் லேசாக ஒரு பள்ளம்.

நம் ஊரில் இதைக் குதிகால் நரம்பு என்கிறோம். அது நரம்பு கிடையாது. கெண்டைச்சதையைக் குதிகால் எலும்போடு பிணைத்திருக்கும் தடித்த தசைநாண், அக்கிலிஸ் டெண்டன். பெயரில் என்ன இருக்கிறது என்று விட முடியவில்லை. நரம்பு என்று கேட்டதும் சிலர் கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்துவிடுகிறார்கள். சிலர் நரம்புக்குச் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டபடி வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அறுந்த நாணுக்கு அந்த வாரங்கள்தான் முக்கியம்.

அவர் கேட்ட கேள்வி, எல்லோரும் கேட்பதுதான்: “பழைய மாதிரி ஆட முடியுமா?” இதற்குப் பதில் சொல்லும்போது ஒரு மனிதரின் கதையைச் சொல்வது என் வழக்கம். அவர் ஆடியது அமெரிக்கன் ஃபுட்பால். நான் மேல்படிப்புக்காக ஹூஸ்டனில் இருந்த இரண்டு வருடத்தில் அந்த ஊர் அணியான டெக்சன்ஸில் அவர்தான் எனக்குப் பிடித்த வீரர். பெயர் டிமீக்கோ ரயன்ஸ்.

அலபாமா மாநிலத்தில் பெஸ்ஸமர் என்ற ஊர்க்காரர், பிறந்தது 1984. அலபாமா பல்கலைக்கழகத்துக்கு ஆடி, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2006-இல் இரண்டாம் சுற்றின் முதல் தேர்வாக, மொத்த வரிசையில் 33-ஆவதாக, டெக்சன்ஸுக்கு வந்தார். முதல் வருடமே அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்லின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது. 2007-லும் 2009-லும் ப்ரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். முதல் நான்கு சீசனில் ஓர் ஆட்டம்கூடத் தவறவிடவில்லை.

அவருடைய இடம் நடு லைன்பேக்கர். தடுப்பாட்டத்தில் 11 பேர் உண்டு. முன்வரிசையில் மலைபோல நிற்கிறவர்களுக்குப் பின்னால், நட்டநடுவில் நிற்பவர் இவர். எதிரணி எப்படி அணிவகுக்கிறது, யார் இடம் மாறுகிறார், பந்து ஓடப்போகிறதா பறக்கப்போகிறதா என்று சில நொடிகளில் கணித்துச் சக வீரர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும். 2008 முதல் தடுப்பாட்டத்தில் ஒருவருடைய ஹெல்மெட்டில் மட்டும் கோச்சின் குரல் கேட்கும் ரேடியோ வைக்க அனுமதி உண்டு. அந்த ஹெல்மெட்டின் பின்புறம் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும், பெரும்பாலும் லைன்பேக்கர்தான் அதைப் போட்டிருப்பார். அடுத்த நகர்வைத் தொடங்கக் கொடுக்கும் நேரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போதே ரேடியோ துண்டிக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகு எதிரணி ஏதாவது மாற்றினால் களத்தில் நிற்கிறவர்தான் முடிவெடுத்தாக வேண்டும். கோச் வேலையில் பாதியை ஆடும்போதே செய்கிற இடம் அது.

2010 அக்டோபர், கான்சஸ் சிட்டியுடன் ஆட்டம். இடது அக்கிலிஸ் அறுந்தது. வயது 26, சீசன் முடிந்தது.

அடுத்த வருடம் அவர் களத்துக்குத் திரும்பியபோது டெக்சன்ஸின் தடுப்பு முறையே மாறியிருந்தது. புதிதாக வந்த வேட் ஃபிலிப்ஸ் வேறு அமைப்பைக் கொண்டுவந்தார். அதில் ரயன்ஸுக்குக் களத்தில் நேரம் குறைந்தது, எதிரணி பந்தை வீசும் நிலைகளில் வெளியே உட்கார வேண்டியிருந்தது. 2012-இல் அவரை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு விட்டுக்கொடுத்தார்கள். எல்லா வீரர்களும் பயப்படும் கட்டம் இது. காலுக்கு ஒட்டுப் போட்டுத் திரும்பிவந்தால் நாற்காலி வேறொருவருக்குப் போயிருக்கும். இந்தக் காயத்தால் விழுந்த 31 என்.எஃப்.எல் வீரர்களை வைத்து 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மறுபடி ஆடவே இல்லை. திரும்பியவர்களுக்கும் சராசரியாகப் பதினொரு மாதம் ஆனது. உலகத்தின் சிறந்த மருத்துவ வசதி கையருகில் இருக்கிறவர்களுக்கே அவ்வளவு காலம். நம்மில் பலர் மூன்றாவது மாதமே “இன்னும் சரியாகலையே” என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

ஃபிலடெல்ஃபியாவில் ரயன்ஸ் மறுபடி நிமிர்ந்தார். 2013-இல் நூற்றுக்கும் மேல் டேக்கிள் (பந்தோடு வரும் எதிராளியைப் பிடித்து வீழ்த்துவது), அணியின் தலைவர்களில் ஒருவர். அப்புறம் 2014 நவம்பர் 2. ஈகிள்ஸ் ஆடப் போனது ஹூஸ்டனுக்கு, அவருடைய பழைய மைதானத்துக்கு. அங்கே வலது அக்கிலிஸ் அறுந்தது.

அந்த மைதானத்தின் புல் அப்போது ஒரே விரிப்பாக இருக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தட்டுகளில் வளர்த்த புல்லை எடுத்துவந்து பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். அந்தப் பரப்புதான் தன் காயத்துக்குக் காரணம் என்று 2016-இல் ரயன்ஸ் வழக்குப் போட்டார், டெக்சன்ஸ் அணியையும் சேர்த்து. 2015 சீசனிலேயே அங்கே செயற்கைப் புல்லுக்கு மாறிவிட்டார்கள். தரை விஷயத்தை நான் சும்மா சொல்லவில்லை. சிமெண்டுத் தளத்தின்மேல் மெல்லிய விரிப்பு ஒட்டிய ஷட்டில் கோர்ட்டுகளும், கால் பதிந்தால் எழும்பாத டர்ஃப்களும் இப்போது தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. வாடகை எவ்வளவு என்று கேட்கிறோம், தரை எப்படி என்று கேட்பதில்லை.

2015 சீசனோடு ரயன்ஸின் ஆட்டம் முடிந்தது. பத்து சீசன் ஆடி, விருதெல்லாம் வாங்கியவர். 2017-இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபோர்ட்டி நைனர்ஸில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது ‘குவாலிட்டி கன்ட்ரோல்’ உதவியாளர் வேலை. கோச்சிங்கில் ஆகக் கீழ்ப்படி அது. எதிரணியின் ஆட்ட வீடியோக்களை வெட்டிக் கோப்பது, ஒவ்வொரு ஆட்டத்தையும் அட்டவணையில் குறிப்பது, பயிற்சிக்குப் படம் வரைந்து கொடுப்பது, எல்லாம் இருட்டறை வேலை. தலைமைக் கோச் கைல் ஷனஹன், தடுப்பாட்டத்தைக் கவனித்த ராபர்ட் சாலே, இருவருமே ரயன்ஸ் இளம் வீரராக இருந்தபோது டெக்சன்ஸில் உதவிக் கோச்சுகளாக இருந்தவர்கள். ஓடின காலை மட்டுமா அவர்கள் பார்த்திருப்பார்கள்? மீட்டிங் அறையில் யார் என்ன கேள்வி கேட்டார் என்பதும் நினைவில் இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

2018-இல் உள் லைன்பேக்கர்களின் கோச். அந்த வருடம் மூன்றாம் சுற்றில் வந்த ஃப்ரெட் வார்னர் அவர் கையில் வளர்ந்து, 2020-இல் லீகின் சிறந்த வீரர்களைப் பொறுக்கி அறிவிக்கும் பட்டியலின் முதல் அணியில் இடம்பிடித்தார். சாலே வேறு அணிக்குப் போனதும் 2021-இல் தடுப்பாட்டம் முழுவதும் ரயன்ஸின் பொறுப்பில் வந்தது. 2022-இல் லீகிலேயே குறைவான புள்ளிகளை விட்டுக்கொடுத்தது அந்த அணி, அவருக்குச் சிறந்த உதவிக் கோச் விருது கிடைத்தது.

2023 ஜனவரியில் ஹூஸ்டன் அவரைத் தலைமைக் கோச்சாக அழைத்தது. முந்தைய மூன்று சீசனில் மொத்தம் 11 வெற்றி மட்டுமே பெற்றிருந்த அணி, அடுத்தடுத்து இரண்டு கோச்சுகளை ஆளுக்கு ஒரே சீசனோடு அனுப்பிவிட்ட அணி. அவர் வழக்குப் போட்ட அணியும் அதுதான், வலது கால் அறுந்த மைதானமும் அதுதான். முதல் சீசனிலேயே 10 வெற்றி, பிரிவுப் பட்டம், பிளேஆஃபில் கிளீவ்லாண்டை 45-14 என்று வென்றது. அந்த வருடத்தின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது டெக்சன்ஸின் வில் ஆண்டர்சனுக்கு. அவரும் அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். 2006-இல் ரயன்ஸ் வாங்கிய அதே விருதை அவருடைய மாணவர் வாங்கிய அந்தச் செய்தியைக் கிளினிக்கில் இருந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன்.

முப்பதைத் தாண்டி, வாரத்தில் ஒருநாள் மட்டும் முழு வேகத்தில் ஆடுகிறவர்கள்தான் இந்தக் காயத்தோடு அதிகம் வருகிறார்கள். காலையில் எழுந்து முதல் பத்து அடி குதிகாலுக்கு மேலே விறைப்பாக இருந்தால் நாண் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் பாய்ந்து ஆடாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்களுக்குத் தசைநாண் அறும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2008-லேயே மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டது. மருந்துக் கடையில் தானாகக் கேட்டு வாங்கி விழுங்குகிற மாத்திரைகள் இவை. கூடவே ஸ்டீராய்டும் எடுத்தால் ஆபத்து இன்னும் கூடும். அந்த நாட்களில் மைதானத்துக்கு லீவு விடுங்கள்.

சத்தம் கேட்டால், உதை விழுந்ததுபோல் இருந்தால், நடக்க முடிகிறதே என்று ஏமாற வேண்டாம். மற்ற சிறிய தசைகள் பாதத்தை அசைத்துக் காட்டும். ஒற்றைக் காலில் எக்கி நிற்க மட்டும் முடியாது. நீவக் கூடாது, இழுக்கக் கூடாது. பாதத்தின் முனை கீழே நீட்டியபடி இருக்க ஏதாவது கட்டி, அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் போனால் ஆபரேஷனும் செய்யலாம், ஆபரேஷன் இல்லாமல், பாதத்தை அசையவிடாமல் பிடிக்கும் பூட் போட்டும் சேரவைக்கலாம், இரண்டுமே நல்ல வழிதான். தாமதித்தால் அறுந்த முனைகள் விலகிப்போய், இருக்கும் வழி குறைந்துகொண்டே வரும். முதல் மூன்று மாதத்தில் பூட்டைக் கழற்றுவதில் அவசரமே கூடாது. ஏழாவது வாரம் “பாத்ரூமுக்குத்தானே” என்று பூட் இல்லாமல் போய் வழுக்கி, மறுபடி அறுத்துக்கொண்டு வந்த ஒரு அக்காவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இன்னொன்று, நாங்கள் மருந்துச் சீட்டில் எழுதாதது. இப்போது என்னிடம் ஒரு கபடிப் பையன் வருகிறான், வலது கார்னர் ஆடுகிறவன், 22 வயது. அறுந்ததிலிருந்து மைதானப் பக்கமே போகவில்லை. “பார்த்தா அழுகை வருதுண்ணா” என்றான். கால் படுத்திருக்கும் ஒன்பது மாதமும் கண்ணுக்கு வேலை உண்டு என்று சொல்லி, ரயன்ஸின் கதையைச் சொன்னேன். இப்போது வாரம் மூன்று மாலை கோச் பக்கத்தில் உட்காருகிறான். ரெய்டர் எந்தக் காலை முதலில் மாற்றுகிறான், போனஸுக்கு எப்போது பாய்கிறான் என்று ஒரு நோட்டில் எழுதுகிறான். பயிற்சிக்கு வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவருகிறான்.

ஷட்டில்காரருக்கு ஆபரேஷன் ஆகி இது எட்டாவது மாதம். சுவரில் விரல் நுனியை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் எக்குவார், நான் எண்ணுவேன். நல்ல காலில் 25. மற்றதில் நேற்று 14, அதிலும் கடைசி மூன்றில் குதிகால் பாதி உயரம்தான் வந்தது. ராக்கெட் அவர் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது.