சுவரேறும் கறுப்புப் புழுக்கள்

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: மொட்டைமாடி உரத்தொட்டியில் தடித்த வெள்ளைப் புழுக்கள் மண்டிவிட்டன, மழை இரவுகளில் சில கறுத்துப்போய்ச் சுவரேறி வருகின்றன, “குடும்பத்துக்கு ஆகாது, பினாயிலை ஊற்று” என்கிறார் மாமியார். ஊற்றலாமா?

வேண்டாம். அவை பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். அமெரிக்கக் கண்டங்களில் தோன்றி, இன்று வெப்ப நாடுகளெங்கும் பரவிவிட்ட ஈ. வளர்ந்த ஈ தீனி தேடி அலைவதில்லை. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்தே ஒரு வாரம்போல வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது. உங்கள் சாப்பாட்டுத் தட்டில் அதற்கு வேலையே இல்லை. இந்தப் புழுக்கள் நிறைந்த கழிவில் வீட்டு ஈயின் பெருக்கமும் குறைகிறது.

இனி அந்தச் சுவரேற்றம். இரண்டு மூன்று வாரங்களுக்குப் புழு தின்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. காய்கறித் தோல், பழைய சோறு, மீன் குடல் எல்லாம் அதற்கு ஒன்றுதான். கடைசிக் கட்டத்தில் தீனி சட்டென நின்றுவிடுகிறது. குடல் காலியாகிறது. வெளிறிய தோல் கரும்பழுப்பாகிறது. வாய் உறுப்பு கொக்கிபோல வளைந்து, ஊன்றி இழுத்து நகர மட்டுமே உதவுகிறது. கூட்டுப்புழுவாக அடங்குவதற்கு உலர்ந்த, இருண்ட மூலை வேண்டும். ஆகவே ஈரக் கழிவை விட்டு மேலே கிளம்புகிறது. சுவர் நனைந்திருந்தால் அதில் ஒட்டிக்கொண்டு செங்குத்தாகவே ஏறிவிடும். சகுனத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இந்தப் புழுவைத் தீவனத்துக்காக வளர்ப்பவர்கள் தொட்டியின் ஒரு பக்கத்தைச் சுமார் 35 முதல் 45 டிகிரிக்குச் சாய்த்து, அதன் உச்சியில் ஒரு குழாயும் குழாயடியில் ஒரு வாளியும் வைக்கிறார்கள். சலிக்கவோ பொறுக்கவோ வேண்டியதில்லை. தின்று முடித்த புழு மட்டும், வயிற்றையும் சுத்தம் செய்துகொண்டு, தானே வந்து வாளியில் விழுகிறது. இளசுகள் உள்ளேயே தின்றுகொண்டிருக்கின்றன. நெற்கதிர் முற்றியதும் தானே களத்துக்கு நடந்து வந்தால் எப்படியிருக்கும்!

வாளியில் விழுந்ததன் உலர் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம். கொழுப்பும் தாராளம், தேங்காய் எண்ணெயில் இருக்கும் அதே லாரிக் அமிலம் அதில் நிறைய. பூச்சிப் புரதத்தை மீன் தீவனத்தில் சேர்க்க 2017-இலும், கோழி, பன்றித் தீவனத்தில் சேர்க்க 2021-இலும் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தது. மீன் கழிவைத் தின்னக் கொடுத்தால் புழுவின் உடலில் ஒமேகா-3 கொழுப்பு சேர்வதை 2007-இலேயே காட்டியிருக்கிறார்கள். கடலூர் துறைமுகத்தின் மீன் குடல் எனக்கு உடனே நினைவுக்கு வருகிறது. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் காய்கறிக் கழிவும்தான். மீன், இறால் வளர்ப்பில் பெருஞ்செலவு தீவனத்துக்கே. அதற்கான மீன்தூளுக்காகக் கடலில் சின்ன மீன்களை வாரி எடுக்கிறோம். குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட ஆகும் டீசல் செலவில் ஒரு சிறு பங்கை, பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கும் மாணவர்களுக்கு ஆய்வு நிதியாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை உண்டு. கழிவில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் அது புழுவின் உடலில் சேர்ந்துவிடும். கோழிக்குப் போடுவதாக இருந்தால் பேட்டரியும் பெயின்ட் டப்பாவும் கலந்த தெருக்குப்பை உதவாது, பிரித்தெடுத்த சமையலறைக் கழிவுதான் வேண்டும். தொட்டி நாறினால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். தென்னை நார்த்தூளைக் கலந்து கிளறிவிடுங்கள். அடியில் தங்கும் எச்சத்தைச் சில வாரம் மக்கவிட்ட பிறகே செடிக்குப் போடவேண்டும். அவசரப்பட்டால் வேர் கருகும்.