தானாக ஓடும் காருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று கேட்பார்கள். இப்போது முதல் கேள்வியே வேறு. "அண்ணன், இந்தக் கார் தானே ஓடுமாமே, அந்தப் பேக்கேஜையும் சேர்த்து எடுக்கலாமா?" சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பட்டறை ஒன்றில் காரின் கேமராக்களையும் ரேடார்களையும் கேலிபரேஷன் செய்வது என் பிழைப்பு. அதாவது, முன்கண்ணாடி மாற்றிய பிறகோ பம்பர் இடிபட்ட பிறகோ, அவை நேராகப் பார்க்கின்றனவா என்று அளந்து சரிசெய்வது. அதனால் இந்தக் கேள்வி என்னிடம் வருவது இயல்பு. என் பதில் சுருக்கமானது: தக்க நேரத்தில் பிரேக் போடும் வசதிக்குத் தாராளமாகக் கொடுங்கள், உங்களுக்குப் பதிலாக ஓட்டுவதாகச் சொல்லும் வசதிக்கு இப்போது வேண்டாம்.

காரின் தானியக்கத் திறனை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். சிங்கப்பூர் ஷோரூமில் நீங்களும் நானும் வாங்கக்கூடியது இரண்டாம் நிலைவரைதான். அந்த நிலையில் கார் ஸ்டியரிங்கைத் திருப்பும், வேகத்தைக் கூட்டும், குறைக்கும். சாலையைக் கவனிக்கும் வேலை மட்டும் முழுக்க முழுக்க உங்களுடையது. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க அனுமதிக்கும் மூன்றாம் நிலையை ஹோண்டா 2021இல் ஜப்பானில் கொண்டுவந்தது, அதுவும் 100 கார்களில், குத்தகைக்கு மட்டும். மெர்சிடிஸ் 2022இல் ஜெர்மனியில் தொடங்கியபோது மணிக்கு 60 கிலோமீட்டருக்குள், நெடுஞ்சாலை நெரிசலில் மட்டுமே அது வேலை செய்தது. விற்பனையாளர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும், கார் மோதினால் சட்டத்தின் முன் நிற்கப்போகிற ஓட்டுநர் நீங்கள்தான்.

"பொங்கோலில் ஓட்டுநரில்லா வண்டி ஓடுகிறதே!" என்பார்கள். ஓடட்டும், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அது வேறு சாதி வண்டி. கூரையிலும் பக்கங்களிலும் லேசர் உணர்கருவிகள், வகுத்துக் கொடுத்த பாதை, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தனி அனுமதி, பின்னணியில் கண்காணிக்கும் ஆட்கள். இங்கே இந்த முயற்சி நேற்று முளைத்ததும் இல்லை. 2016இல் ஒன்-நார்த் வட்டாரத்தில் நியூட்டோனோமி நிறுவனம் பொதுமக்களை ஏற்றி ரோபோ டாக்சி ஓட்டிப் பார்த்தது. சில வாரங்களில் அதன் சோதனைக் கார் ஒன்று தடம் மாறும்போது லாரியில் இடித்தது, நல்ல வேளையாக யாருக்கும் காயமில்லை. அடுத்த ஆண்டு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில் ஜூரோங்கில் சோதனைத் தளம் திறந்தார்கள். அங்கே செயற்கை மழை பெய்யவைக்கும் கருவிகூட உண்டு. நம் ஊர் மழையின் அருமை தெரிந்தவர்கள் கட்டியது. இத்தனைக்குப் பிறகும் பொங்கோலில் குறிப்பிட்ட சில பாதைகளோடுதான் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் காரில் இருப்பதோ கண்ணாடிக்குப் பின்னே ஒரு கேமரா, பம்பருக்குள் ஒரு ரேடார், சுற்றிலும் சில உணர்கருவிகள்.

அந்த ஒரு கேமரா எவ்வளவு எளிதில் ஏமாறும் என்பதற்குப் பட்டறைக்கு வந்த ஒரு காரைச் சொல்கிறேன். லாரியிலிருந்து தெறித்த கல்லால் முன்கண்ணாடி விரிசல் விட, உரிமையாளர் விலை மலிவாக வேறோர் இடத்தில் மாற்றிக்கொண்டார். அதன் பிறகு விரைவுச்சாலையில் ஸ்டியரிங் அடிக்கடி இடப்பக்கமாக இழுத்தது. டயரைப் பார்த்தார்கள், வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள், எல்லாம் சரி. டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை. நான் பின்பார்வைக் கண்ணாடிக்கு மேலுள்ள மூடியைக் கழற்றினேன். கேமராவைத் தாங்கும் பிடிப்பு கண்ணாடியில் கொஞ்சம் சாய்வாக ஒட்டப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு, வெயிலைத் தடுக்கப் புதிதாக ஒட்டிய சோலார் ஃபிலிமைக் கேமரா பார்க்கும் இடத்தில் வெட்டிவிடாமல் அப்படியே மேலே இழுத்திருந்தார்கள், நடுவே ஒரு காற்றுக்குமிழி வேறு. தடக்கோட்டைத் தவறான இடத்தில் கண்ட கார், காருக்கே உரிய நேர்மையோடு அதைப் பின்பற்றியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரா ஒரு பாகை திரும்பியிருந்தால் 50 மீட்டர் தொலைவில் பிழை ஏறக்குறைய 87 சென்டிமீட்டர். சுமார் மூன்றரை மீட்டர் அகலத் தடத்தில் அது நான்கில் ஒரு பங்கு. இதைச் சரிசெய்யக் காரைச் சமதரையில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, பின்பெட்டியில் கிடக்கும் மூட்டை முடிச்சுகளை இறக்கி, நடுக்கோட்டை லேசரால் குறித்து, உற்பத்தியாளர் சொன்ன தூரத்தில், கேமரா பார்த்து அளவெடுக்கும் குறிப்பலகையை வைக்க வேண்டும். சில மாடல்களைக் கணினியோடு இணைத்துச் சாலையிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் இடம் நெருக்கடி. தண்ணீர் வடியத் தரையைச் சரிவாகவும் போட்டிருப்பார்கள். "அரை மணியில் முடித்துத் தருகிறோம்" என்று எவராவது சொன்னால், குறிப்பலகையை எங்கே வைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேமரா மிகச் சரியாக இருந்தாலும் நம் சாலைகள் அதற்குச் சோதனைதான். அடைமழை கொட்டும்போது, வேகம் காக்கும் வசதியும் தடம் காக்கும் வசதியும் "கேமரா தற்சமயம் இயங்கவில்லை" என்று சொல்லிக் கழன்றுகொள்ளும். உங்களுக்கு உதவி மிகவும் தேவைப்படும் நேரம் அது. உட்லண்ட்ஸிலிருந்து புக்கிட் தீமா விரைவுச்சாலையில் காலையில் இறங்கும் மோட்டார்சைக்கிள்கள் இரு தடங்களுக்கு நடுவே புகுந்து வரும். கார் சில சமயம் தாமதமாகத்தான் அவற்றைக் கவனிக்கும், சில சமயம் தேவையில்லாமல் பிரேக்கை அழுத்திப் பின்னால் வருபவரைப் பதறவைக்கும். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, தடத்தில் அசையாமல் நிற்கும் வாகனம். பழுதாகி நின்ற கார், அம்புக்குறி விளக்கோடு நிற்கும் சாலைப் பராமரிப்பு லாரி. வேகமாகப் போகும்போது நின்றிருக்கும் பொருளைக் கார் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று பல கையேடுகளிலேயே எழுதியிருக்கிறது. பாலம், பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டுவிடக் கூடாதே என்பதற்காக ரேடார் அசையாதவற்றைப் பெரிதும் ஒதுக்கிவிடும், அதனால் வரும் குறை இது. கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படித்த வாடிக்கையாளரை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

இனி பணம். டெஸ்லாவின் முழுத் தன்னோட்டப் பேக்கேஜ் அமெரிக்காவில் 2022இல் 15,000 டாலர் வரை ஏறி, 2024இல் 8,000 டாலருக்கு இறங்கியது. அடுத்த ஆண்டே பத்து லட்சம் ரோபோ டாக்சிகள் இருக்கும் என்று ஈலோன் மஸ்க் 2019இல் சொன்னார். 2020 வந்தது, போனது. அங்கேயே இன்றும் ஓட்டுநர் விழிப்பாக இருக்க வேண்டிய இரண்டாம் நிலைதான் அது. பின்னால் வரப்போகும் மென்பொருளுக்கு முன்பணம் கட்டுவது எந்த நாட்டிலும் துணிச்சல், சிங்கப்பூரில் அதைவிட மோசம். நம் சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், பத்தாண்டுக்குத்தான். ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய விலைக்கு எடுத்த அந்தப் பத்தாண்டில், அனுமதி எப்போது வரும் என்று காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் உங்கள் கையைவிட்டுப் போகிறது. விற்கும்போது இந்தப் பேக்கேஜுக்கு நல்ல விலை கொடுத்த பழைய கார் வியாபாரியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அப்படியானால் எதற்குக் கொடுக்கலாம்? தானியங்கி அவசர பிரேக் கட்டாயம் வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி ஆய்வுக் கழகத்தின் கணக்குப்படி, முன்னால் செல்லும் வண்டியில் மோதும் விபத்துகளை அது ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. அதே கழகம் 2024இல், ஸ்டியரிங்கையும் வேகத்தையும் சேர்த்துக் கவனிக்கும் வசதிகள் விபத்தைக் குறைத்ததற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றது. ஓட்டுநரின் கவனத்தை எவ்வளவு ஒழுங்காகக் கண்காணிக்கின்றன என்று 14 அமைப்புகளைச் சோதித்ததில் 11 'மோசம்' என்ற தரத்தையே பெற்றன. பக்கத்துக் குருட்டுப்புள்ளியை எச்சரிக்கும் விளக்கு, மோட்டார்சைக்கிள் மிகுந்த நம் சாலைக்குக் கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்தத்தில் தூணுக்கும் வேனுக்கும் நடுவிலிருந்து பின்னால் எடுக்கும்போது குறுக்கே வருவதைச் சொல்லும் வசதியும் அப்படியே. தானே பார்க்கிங் செய்யும் வசதி? உங்கள் பொறுமையைப் பொறுத்தது. எனக்கு இல்லை.

இந்த வசதிகளுக்குப் பராமரிப்புச் செலவும் உண்டு என்பதை வாங்கும்போதே யாரும் சொல்வதில்லை. முன்கண்ணாடி உடைந்தால் கண்ணாடியோடு கேலிபரேஷனும் காப்புறுதியில் அடங்குமா என்று பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். ஃபிலிம் ஒட்டினால் முன்கண்ணாடி 70 விழுக்காடு ஒளியையாவது உள்ளே விட வேண்டும் என்ற விதியோடு, கேமரா பார்க்கும் பகுதியை விட்டு ஒட்டச் சொல்லுங்கள். டேஷ்கேமராவையும் அதன் பார்வையில் படாமல் மாட்டுங்கள். ஜோகூர் பாருவில் பம்பருக்குப் பட்டி பார்த்து வண்ணம் அடிப்பது மலிவுதான், ஆனால் ரேடாருக்கு முன்னால் கனமாகப் பூசினால் அதன் கண்ணை மறைத்ததாகிவிடும். பழைய கார் வாங்கினால் கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். மற்ற கண்ணாடிகளில் இருக்கும் முத்திரையும் தயாரித்த ஆண்டும் முன்கண்ணாடியில் மட்டும் மாறியிருந்தால், மாற்றிய பிறகு கேலிபரேஷன் செய்த தாளைக் கேளுங்கள். தாள் இல்லையென்றால், அதைச் செய்ய ஆகும் செலவை விலையில் குறைக்கச் சொல்லலாம்.