எகத்தரின்பூர்க் விசைப்பலகையும் உறைபனியும்

ரஷ்யாவின் எகத்தரின்பூர்க் நகரில், இசெத் ஆற்றங்கரையில் 86 கான்கிரீட் விசைகள் வரிசையாகக் கிடக்கின்றன. அனத்தோலி வியாத்கின் 2005-இல் அமைத்த கணினி விசைப்பலகை அது. நிஜ விசைப்பலகையைவிட 30 மடங்கு பெரிது. ஸ்பேஸ் பார் மட்டுமே அரை டன். வருகிறவர்களுக்கு அதுதான் பெஞ்சு.

கடுங்குளிர்தான் இதற்குப் பகை என்று தோன்றும். ஆனால் ஜனவரியில் மைனஸ் 15 டிகிரியில் இறுகிய கான்கிரீட்டுக்கு ஒன்றும் ஆகாது. பகலில் உருகி இரவில் உறையும் அக்டோபர், ஏப்ரல் நாட்கள்தான் அதை அரிக்கின்றன. நீர் உறையும்போது பருமன் 9 சதவீதம் கூடும். நுண்துளைகளில் 91 சதவீதத்துக்கு மேல் நீர் இருந்தால் பனிக்கு இடம் போதாது. துளைச்சுவர் விரிசல் விடும். மறுநாள் அந்த விரிசலுக்குள்ளும் நீர் இறங்கும்.

அதனால் இத்தகைய வேலைக்குக் கலவையிலேயே காற்றுக்குமிழ் உண்டாக்கும் மருந்தைச் சேர்க்கிறார்கள். மொத்தப் பருமனில் 4 முதல் 6 சதவீதம் நுண்குமிழ்கள் வேண்டும். உறையும் நீர் ஒதுங்க அவைதான் இடம். நீர்-சிமென்ட் விகிதம், அதாவது சிமென்டின் எடைக்கு நீரின் எடை, 0.45-ஐத் தாண்டக் கூடாது. கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரை அதிக நேரம் பிடித்தால் குமிழ்கள் வெளியேறிவிடும். மேற்பரப்பை வழவழப்பாக்கத் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பது அதைவிட மோசம்: மேல்தோல் பலவீனமாகி, எழுத்துகளின் விளிம்புதான் முதலில் உதிரும். எழுத்தைக் குழியாக வெட்டாமல் புடைப்பாக வார்ப்பது நல்லது. குழியில் நீர் தேங்கும்.

அடுத்தது தரை. இங்கே மண் ஒன்றரை மீட்டருக்கு மேல் உறையும். களிமண் கீழிருந்து நீரை உறிஞ்சி, உள்ளே பனித்தகடுகளாக வளர்ந்து, மேலே இருப்பதைத் தூக்கும். அடியில் ஜல்லி பரப்பினால் அந்த உறிஞ்சல் அறுபடும். ஒரே பலகையாக வார்த்திருந்தால் தரை ஏறி இறங்கும்போது அது பிளந்திருக்கும். 15 செ.மீ. இடைவெளியில் தனித்தனியாக இருப்பதால் ஒரு விசை சாய்ந்தாலும், எடுத்து அடியைச் சமன்செய்து திரும்ப வைக்கலாம். அதிலேயே ஒரு வம்பும் உண்டு: நாலு பேர் சேர்ந்தால் சின்ன விசையைத் தூக்கிப்போய்விடலாம். அப்படிச் சில காணாமல் போய், 2011-இல் புதிதாக வைக்கப்பட்டன.

இதே நகரில் சுற்றுலா வழிகாட்டும் சிவப்புக் கோடு சுமார் 6.5 கி.மீ. நடைபாதையில் ஓடுகிறது. பனிவாரும் இயந்திரமும், வழுக்காமல் இருக்கத் தூவும் மணலும் அதைச் சுரண்டிவிடும். அதனால் மறுபடி மறுபடி பூச வேண்டும். தரை நன்றாகக் காய்ந்து 5 டிகிரிக்கு மேல் இருக்கும்போதுதான் பூச வேண்டும். ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் முதல் உறைபனியிலேயே பொருக்காக உரிந்துவரும்.