சல்லடையில் நிற்காத பாஷாணம்

தான்ஷென் என்று சீனர்கள் சொல்லும் ஒரு வேர் இருக்கிறது. நம் துளசியின் குடும்பத்துச் செடிதான், ஆனால் வேர் செங்கல் நிறத்தில் சிவந்திருக்கும். சீன மருத்துவத்தில் இதை இதயக் கோளாறுகளுக்கு நெடுங்காலமாகக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறார்கள். சீன மூலிகைகளுக்கான டி.சி.எம்.எஸ்.பி. என்ற தரவுத்தளம் இந்த ஒரு வேருக்கே 202 வேதிப்பொருள்களைப் பட்டியல் போடுகிறது. இவற்றில் எது புற்றுநோய்ச் செல்லில் எந்தப் புரதத்தைத் தொடுகிறது? மனித உடலில் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. ஒவ்வொரு பொருளையும் பிரித்தெடுத்து ஒவ்வொரு புரதத்தோடும் சோதித்துப் பார்ப்பதென்றால் 40 லட்சம் சோதனைகள். ஒரு ஆய்வகத்தின் ஆயுளே போதாது.

அதனால்தான் இந்த வேலையைக் கணினியிடம் கொடுக்கிறார்கள். வலைப்பின்னல் மருந்தியல் என்று இதற்குப் பெயர். 2007-இல் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இந்தப் பெயரை முன்வைத்தார். ஒரு நோய்க்கு ஒரு புரதம், அதற்கு ஒரு மருந்து என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது. புற்றுநோய் அப்படி எளிதில் மடங்குவதில்லை. ஒரு பாதையை அடைத்தால் செல் இன்னொரு சந்து வழியாக வெளியே வந்துவிடும். அப்படியென்றால் பல இடங்களில் லேசாகத் தட்டும் மருந்து நல்லதில்லையா என்பதுதான் அவருடைய கேள்வி. மூலிகைக் கலவைகளைக் கையில் வைத்திருந்த சீன ஆய்வாளர்களுக்கு இது வெல்லம்போல் இனித்ததில் வியப்பில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று தான்ஷெனை வைத்தே பார்ப்போம். முதலில் சல்லடை. வாய்வழியாகச் சாப்பிட்டால் 30 சதவீதமாவது ரத்தத்துக்குப் போய்ச் சேருமா, அமைப்பு ஏற்கெனவே உள்ள மருந்துகளோடு ஓரளவாவது ஒத்துப்போகிறதா என்று இரண்டு கேள்விகள். பதில்களும் கணினி மதிப்பிட்டவைதான். 202-இல் 65 தேறும். அப்புறம் இந்த 65-ம் எந்தெந்தப் புரதங்களில் ஒட்டக்கூடும் என்று தரவுத்தளங்களைக் கேட்டு ஒரு பட்டியல். புற்றுநோயோடு தொடர்புடைய மரபணுக்கள் எவை என்று இன்னொரு பட்டியல். இரண்டுக்கும் பொதுவானவற்றை எடுத்து, எந்தப் புரதம் எதோடு பேசுகிறது என்று கோடு போட்டு இணைத்தால், சிலந்தி வலை மாதிரி ஒரு படம் வரும். நிறையக் கோடுகள் சேரும் முடிச்சுகள்தான் முக்கியமான இலக்குகள் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் ஒட்டிப்பார்த்தல். புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் ஏற்றி, அதன் பள்ளத்தில் மூலக்கூறை எல்லாக் கோணங்களிலும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கும் நிரல்கள் உண்டு. எந்தக் கோணத்தில் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதற்கு ஒரு ஆற்றல் மதிப்பு வரும். அது எவ்வளவு எதிர்மறையோ அவ்வளவு இறுக்கமான பிடிப்பு. -5 கிலோகலோரிக்குக் கீழே போனாலே நல்ல பொருத்தம் என்று பல கட்டுரைகள் எழுதிவிடுகின்றன. இது ரொம்பத் தாராளமான அளவுகோல் என்பது என் எண்ணம். நடுத்தர அளவுள்ள, தட்டையான எந்த மூலக்கூறும் ஏதாவது ஒரு பள்ளத்தில் அந்த மதிப்பை எட்டிவிடும்.

இந்த வகைக் கட்டுரைகளை நாலைந்து படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். மூலிகை எதுவானாலும், புற்றுநோய் எந்த உறுப்பில் இருந்தாலும், விடையில் அதே புரதங்களின் பெயர்கள்: பி53, ஏ.கே.டி.1, ஐ.எல்.6. மூலிகைப் பக்கத்தில் குவர்செடின் என்ற தாவர வேதிப்பொருள். கல்யாண வீடு யாருடையதாக இருந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாமா மாதிரி. அவர் அங்கே இருப்பதை வைத்து அது யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்ல முடியுமா? மனித மரபணுக்களில் மிக அதிகமாக ஆராயப்பட்டது பி53-க்கான மரபணு. அதிகம் ஆராய்ந்தால் அதிகம் கோடுகள். அதிகம் கோடுகள் இருந்தால் அதுவே முடிச்சு. குவர்செடின் கதையும் இதுதான். வெங்காயத்திலிருந்து ஆப்பிள் வரை எங்கும் இருப்பதால், பார்க்கும் மூலிகையிலெல்லாம் தலைகாட்டுகிறது.

சல்லடையிலும் ஓட்டை உண்டு. தான்ஷெனின் சிவப்புக்குக் காரணமான டான்ஷினோன்களில் ஒன்று டான்ஷினோன் 2ஏ. வாய்வழி கொடுத்தால் இதில் ஏறக்குறைய 50 சதவீதம் ரத்தத்தில் சேரும் என்கிறது தரவுத்தளம். எலிக்கு இதைத் தனியாகக் கொடுத்து அளந்தபோது 4 சதவீதம்கூடத் தேறவில்லை. இன்னொரு பக்கம், இந்த வேரின் தரத்தை மதிப்பிடச் சீன அரசின் மருந்து நூல் அளக்கச் சொல்லும் சால்வியனோலிக் அமிலம் பி, இதே சல்லடையில் கழிந்து குப்பைக்குப் போய்விடுகிறது.

சரி, அப்படியானால் இதெல்லாம் வீண் வேலையா? இல்லை. கேள்விகளின் எண்ணிக்கையை லட்சத்திலிருந்து பத்தாகக் குறைப்பது பெரிய உதவி. ஆனால் கணினி கொடுப்பது சந்தேகப் பட்டியல் மட்டும். அதற்கு அப்புறம் நடக்க வேண்டியது எவ்வளவு என்பதைக் காட்ட, இதே தான்ஷென் இடம்பெறும் உண்மையான மருந்து ஒன்று இருக்கிறது.

ஃபூஃபாங் ஹுவாங்தாய் என்ற சீன மாத்திரை அது. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுப்பது. இந்த நோயில் 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டு, பி.எம்.எல்.-ராரா என்ற கோளாறான புரதம் பிறக்கிறது. அது இருக்கும்வரை ரத்தச் செல்கள் முதிராமல் அப்படியே பெருகும். மாத்திரையில் நாலு சரக்கு: மனோசிலை என்று நம் சித்த மருத்துவர்கள் சொல்லும் ஆர்சனிக் பாஷாணம், அவுரி நீலத்தைப் போன்ற நீலச் சாயப்பொடி, தான்ஷென், தாய்ஸிஷென் என்ற கிழங்கு. (பாஷாணம் பாஷாணம்தான். மருத்துவமனைக் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாத பொருள்.)

சீன மருத்துவ மரபில் ஒரு கலவையின் சரக்குகளுக்கு அரசன், மந்திரி, உதவியாள், தூதன் என்று பதவி உண்டு. ஷாங்காயில் சென் ஜூ, சென் சைஜுவான் குழுவினர் இந்தப் பதவிகளுக்கு மூலக்கூறு அளவில் பொருள் உண்டா என்று பார்த்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று சரக்குகளிலிருந்து ஆளுக்கொன்றாக ஆர்சனிக் சல்ஃபைடு, இண்டிரூபின், டான்ஷினோன் 2ஏ ஆகியவற்றை எடுத்து, தனித்தனியாகவும் இரண்டிரண்டாகவும் மூன்றையும் சேர்த்தும் செல்களில் சோதித்தார்கள். கோளாறான புரதத்தை நேரடியாகச் சிதைப்பது ஆர்சனிக். அவர்தான் அரசன். மற்ற இரண்டும் சேர்ந்தபோது அந்தச் சிதைவு வேகம் பிடித்தது. காரணம் அழகானது. செல்லின் சவ்வில் அக்வாகிளிசரோபோரின் 9 என்றொரு வாசல் புரதம் உண்டு; ஆர்சனிக் உள்ளே நுழைவது அதன் வழியாக. இண்டிரூபினும் டான்ஷினோனும் அந்த வாசல்களின் எண்ணிக்கையைக் கூட்டின. அரசன் வருவதற்கு மந்திரிகள் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார்கள். செல் தட்டோடு நிறுத்தாமல் நோயுள்ள எலிகளிலும் பார்த்தார்கள்; அங்கேயும் மூன்றும் சேர்ந்ததே சிறந்தது.

இந்த மாத்திரையை மேலே சொன்ன சல்லடையில் போட்டுப் பாருங்கள். மூலிகைகளின் கரிமச் சேர்மங்களுக்காகச் செய்த சல்லடை அது, பாஷாணத்துக்கு அங்கே இடமே இல்லை. ஆர்சனிக் புரதத்தின் கந்தக அணுக்களோடு நேரடியாக வேதிப்பிணைப்பு போடுகிறது. வழக்கமான ஒட்டிப்பார்க்கும் நிரல்களுக்கு அது பிடிபடாது. டான்ஷினோன் பட்டியலில் வரும், ஆனால் எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்ற கேள்விக்கு மட்டுமே பதிலாக வரும். இன்னொரு மருந்துக்குக் கதவு திறந்துவிடும் வேலையை அந்தக் கேள்வியால் எட்ட முடியாது.

கடைசிச் சோதனை மனிதர்களில். 242 நோயாளிகளுக்கு இந்த மாத்திரையையோ நரம்புவழி ஆர்சனிக்கையோ, வைட்டமின் ஏ-வின் உறவான இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். முடிவு 2013-இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து நோயின்றி இருந்தவர்கள் மாத்திரைக் குழுவில் 98.1 சதவீதம், ஊசிக் குழுவில் 95.5 சதவீதம். மாத்திரை ஊசிக்குக் குறைந்ததல்ல என்பதே ஆய்வாளர்கள் எடுத்த முடிவு, மேலானது என்பதல்ல. தினமும் மருத்துவமனைக்குப் போய் ஊசி ஏற்றிக்கொள்பவருக்கு அதுவே போதுமான செய்தி.